அழித்துவிட்டேன், என்ன செய்வது? லினக்ஸில் கோப்பைப் பறிகொடுத்தவர்கள் கேட்கும் கேள்விகள்

கோப்பு போன பதற்றத்தில் இங்கே வந்திருந்தால் முதல் மூன்று கேள்விகளை மட்டும் இப்போது படியுங்கள். முடிந்தால் கைப்பேசியில் படியுங்கள். அந்தக் கணினியில் வேண்டாம். உலாவி ஒரு பக்கத்தைத் திறந்தாலே வட்டில் எதையாவது எழுதும்.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். ‘ஆர்எம்’ என்று இருந்தால் அந்த ஆங்கில எழுத்துகளை முனையம் என்ற கட்டளைச் சாளரத்தில் சிறிய வடிவில் தட்டவேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

இப்போதுதான் அழித்தேன். முதலில் என்ன செய்யவேண்டும்?

கையை எடுங்கள். கட்டளை இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கன்ட்ரோல் விசையுடன் ‘சி’யை அழுத்தி நிறுத்துங்கள். போனது போக மிச்சமாவது தப்பும்.

பிறகு எந்த நிரலையும் மூடாதீர்கள். அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அதுவே உங்களுக்கு உயிர். பதற்றத்தில் பலர் முதலில் செய்வது கணினியை மறுதொடக்கம் செய்வதுதான். அதோடு அந்த வழி அடைபட்டுப் போகிறது. எழுத்துத் திருத்தியிலோ லிப்ரே ஆபிஸிலோ கோப்பு திறந்திருந்தால் அதே இடத்தில் அல்ல, ஒரு பென்டிரைவில் சேமியுங்கள்.

மீட்பு மென்பொருளை அதே வட்டில் நிறுவாதீர்கள். பதிவிறக்கும் ஒவ்வொரு மெகாபைட்டும் நீங்கள் தேடும் கோப்பின் மேலேயே போய் உட்காரக்கூடும்.

எந்த நிரலிலும் கோப்பு திறந்திருக்கவில்லை என்று உறுதியானால் (பார்க்கும் வழி மூன்றாம் கேள்வியில்), கோப்பு இருந்த பகிர்வில், அதாவது வட்டைப் பிரித்த அந்தப் பகுதியில், இனி எதுவும் எழுதப்படாமல் தடுக்கவேண்டும். வீட்டு அடைவு தனிப் பகிர்வில் இருந்தால், நிர்வாகி உரிமையோடு ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்ஓ’ என்று தட்டிப் பகிர்வின் பாதையைக் கொடுங்கள். அது படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போகும். ‘பயன்பாட்டில் இருக்கிறது’ என்று மறுத்தாலோ, உபுண்டுவின் வழக்கமான நிறுவலைப்போல எல்லாம் ஒரே பகிர்வில் இருந்தாலோ, மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். முறையாக அணைக்கும்போதும் நிரல்கள் எதையாவது எழுதிவிட்டுத்தான் போகும். பிறகு வேறொரு கணினியில் லைவ் யுஎஸ்பி (வட்டில் நிறுவாமலே லினக்ஸை இயக்கும் பென்டிரைவ்) தயாரித்து அதிலிருந்து தொடங்குங்கள்.

கோப்பை அழிக்கும் கட்டளையான ‘ஆர்எம்’ உண்மையில் எதை அழிக்கிறது?

பெயரை. பட்டாவில் பெயரை அடித்துவிடுவதுபோல. நிலம் அங்கேயேதான் கிடக்கிறது, ஆனால் அது இனிமேல் புறம்போக்கு. யாருக்கு வேண்டுமானாலும் ஒதுக்கப்படலாம்.

லினக்ஸில் கோப்பின் பெயர் ஓரிடத்திலும், கோப்பைப் பற்றிய விவரங்கள் ஐநோடு என்ற பதிவிலும், உள்ளடக்கம் வட்டின் வேறு கட்டங்களிலும் இருக்கின்றன. ஒரே ஐநோடுக்கு இரண்டு மூன்று பெயர்கள்கூட இருக்கலாம். ‘ஆர்எம்’ ஒரு பெயரை நீக்கி, பெயர்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது. எண்ணிக்கை சுழியமாகி, எந்த நிரலும் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கவும் இல்லையென்றால்தான் கட்டங்கள் காலியானவை என்று அறிவிக்கப்படுகின்றன. அப்போதும் அவற்றில் இருந்த எழுத்தை யாரும் துடைப்பதில்லை.

பழைய ஈஎக்ஸ்டி2 கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஏற்பாடு) இதனால் மீட்பது எளிதாக இருந்தது. ஈஎக்ஸ்டி3 வந்தபிறகு கதை மாறியது: அழிக்கும்போதே, உள்ளடக்கம் எந்தக் கட்டங்களில் இருந்தது என்ற குறிப்பையும் ஐநோடிலிருந்து நீக்கிவிடுகிறது. இன்று பெரும்பாலானோரிடம் இருக்கும் ஈஎக்ஸ்டி4-உம் அப்படித்தான். பட்டாவில் பெயரை அடித்ததோடு நிற்காமல் சர்வே எண் எழுதிய தாளையும் கிழித்துவிட்டார்கள்.

கோப்பு ஏதோ ஒரு நிரலில் திறந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ என்று தட்டுங்கள். கூட்டல் குறிக்கு அடுத்து வருவது பெரிய எல். பெயர் போய்விட்ட பிறகும் நிரல்கள் பிடித்துக்கொண்டிருக்கும் கோப்புகளின் பட்டியல் வரும். உங்கள் கோப்பு அதில் இருந்தால் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நிரலின் செயல் எண், அது கோப்பைப் பிடித்திருக்கும் கைப்பிடி எண். செயல் எண் 4321, கைப்பிடி எண் 7 என்றால் கோப்பு ‘/ப்ராக்/4321/எஃப்டி/7’ என்ற பாதையில் முழுதாக இருக்கிறது. ‘சிபி’ கட்டளையால் அதை வேறொரு வட்டுக்கு நகலெடுத்தால் வேலை முடிந்தது. எந்த மீட்பு மென்பொருளும் தேவையில்லை.

தரவுத்தளங்கள், ஓடிக்கொண்டிருக்கும் படங்கள், பதிவேட்டுக் கோப்புகள், மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகள் ஆகியவற்றுக்கு இந்த வழி பெரும்பாலும் கைகொடுக்கும். தரவுத்தளம் என்றால் நகலெடுக்கும் நேரத்திலும் அது எழுதிக்கொண்டே இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

சாதாரண எழுத்துத் திருத்திகள் கோப்பைப் படித்தவுடன் விட்டுவிடுகின்றன. அவை இந்தப் பட்டியலில் வாரா. ஆனால் உள்ளடக்கம் அவற்றின் நினைவகத்தில் இருக்கிறது. மீண்டும் சேமித்தால் போதும்.

குப்பைத்தொட்டியில் இல்லையே?

கோப்பு மேலாளரில் டெலீட் விசையைத் தட்டினால்தான் குப்பைத்தொட்டிக்குப் போகும். ஷிஃப்ட் விசையையும் சேர்த்து அழுத்தினால் நேரே போய்விடும். முனையத்தில் ‘ஆர்எம்’ கொடுத்தாலும் அப்படியே. குப்பைத்தொட்டி என்று ஒன்று இருப்பதே அந்தக் கட்டளைக்குத் தெரியாது.

பென்டிரைவிலிருந்து கோப்பு மேலாளர் வழியாக அழித்திருந்தால் அதிலேயே பாருங்கள். ‘.ட்ராஷ்-1000’ போன்ற பெயரில் மறைந்திருக்கும் அடைவு ஒன்று இருக்கும். புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் கண்ணில் படாது. கன்ட்ரோலோடு ‘எச்’ அழுத்தினால் தெரியும்.

ஈஎக்ஸ்டி4-இல் மீட்க மென்பொருள் உண்டா? எந்த அளவுக்கு நம்பலாம்?

உண்டு. எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தொடங்குவதற்கு முன்பும் பகிர்வு முழுவதையும் ‘டிடிரெஸ்க்யூ’ கொண்டு வேறொரு பெரிய வட்டுக்குப் படியெடுத்துவிடுங்கள். சோதனைகளையெல்லாம் அந்தப் படியில் செய்யலாம். ஒரு மென்பொருள் குழப்பினாலும் மூலம் கெடாது.

எக்ஸ்ட்அன்டெலீட், ஈஎக்ஸ்டி4மேஜிக் இரண்டும் கோப்பு முறைமையின் ஜர்னலில் தேடுகின்றன. சமீபத்தில் நடந்த மாற்றங்களின் குறிப்பேடு அது. கிழிக்கப்பட்ட சர்வே தாளின் பழைய நகல் அதில் இருந்தால் கோப்பு பெயரோடும் அடைவோடும் திரும்பும். ஆனால் ஜர்னல் சிறியது, சுற்றிச் சுற்றி எழுதப்படுவது. அழித்தபிறகு அரைநாள் அந்தக் கணினியில் வேலை செய்திருந்தால் நகல் மேலெழுதப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். முதல் கேள்வியில் ‘கையை எடுங்கள்’ என்றதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது ஃபோட்டோரெக். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய கட்டற்ற மென்பொருள் இது. கோப்பு முறைமையையே பொருட்படுத்தாமல் வட்டைக் கட்டம் கட்டமாகப் படித்து, ஒவ்வொரு கோப்பு வகைக்கும் உரிய தொடக்க அடையாளத்தைத் தேடும். ஜேபெக் படம் எப்போதும் ஒரே மூன்று பைட்டுகளில் தொடங்கும். பிடிஎஃப் கோப்பு விழுக்காட்டுக் குறியோடு தன் பெயரையே சொல்லித் தொடங்கும். பெயருக்கு ஃபோட்டோ என்று இருந்தாலும் நானூறுக்கும் மேற்பட்ட வகைகளை அறியும். பெயர், தேதி, அடைவு எதுவும் திரும்பாது. கோப்பு வட்டில் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் பாதிதான் வரும். நீண்ட காணொளிகளுக்கு அடிக்கடி இந்தக் கதி.

கேமரா அட்டை, பென்டிரைவ் என்றால் தயங்காமல் ஃபோட்டோரெக்கை ஓடவிடுங்கள். என் அனுபவத்தில் நிறைவான பலன் அங்கேதான் கிடைத்திருக்கிறது.

என்னுடையது எஸ்எஸ்டி. வாய்ப்பு இருக்கிறதா?

குறைவு. எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளால் ஆன வட்டு. காலியான கட்டங்கள் எவை என்று இயங்குதளம் எஸ்எஸ்டிக்கு அறிவிக்கும் ஏற்பாட்டுக்கு ட்ரிம் என்று பெயர். அறிவிப்பு போனபிறகு அந்தக் கட்டங்களைப் படித்தால் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் வெறும் சுழியங்களைத் தரும்.

உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் இது வாரம் ஒருமுறை தானாக நடக்கிறது. ஆகவே நேற்று ட்ரிம் ஓடியிருந்து இன்று அழித்திருந்தால் சில நாள் அவகாசம் இருக்கிறது. ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் எஃப்எஸ்ட்ரிம்.டைமர்’ என்று தட்டி அதை நிறுத்துங்கள். பகிர்வு ‘டிஸ்கார்ட்’ என்ற விருப்பத்தோடு இணைக்கப்பட்டிருந்தால் அழித்த உடனேயே அறிவிப்பு போயிருக்கும். மீட்பு நிலையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்த எழுத்துக் கோப்பு போய்விட்டது. வட்டில் நேரடியாகத் தேட முடியுமா?

முடியும், அது வெறும் எழுத்துக் கோப்பாக இருந்தால். ‘க்ரெப்’ கட்டளைக்கு ‘-ஏ’ விருப்பம் கொடுத்து, கோப்பில் இருந்த ஒரு சொற்றொடரை மேற்கோளுக்குள் தந்து, பகிர்வின் சாதனப் பாதையைக் குறிப்பிட்டால் வட்டு முழுவதையும் எழுத்தாகப் பாவித்துத் தேடும். முன்னும் பின்னும் எத்தனை வரி வேண்டும் என்பதைப் பெரிய பி, பெரிய ஏ விருப்பங்களால் சொல்லலாம். விடையை வேறு வட்டுக்குத் திருப்பிவிடுங்கள்.

கோப்பில் நிச்சயம் இருந்த, வேறெங்கும் வராத தொடரைத் தேர்ந்தெடுங்கள். ‘இருக்கிறது’ என்று தேடினால் உலாவியின் தற்காலிகக் கோப்புகள் எல்லாம் வந்து விழும். ஒரு பழைய கட்டுரையில் மாமாவின் ஊர்ப்பெயரைக் கொடுத்துத் தேடி நான்கு பக்கங்களை எடுத்தேன். அதே கட்டுரையின் பழைய வரைவுகள் மூன்றும் கூடவே வந்தன.

இரண்டு தடைகள் உண்டு. யூனிகோடில் தட்டச்சு செய்திருந்தால்தான் இது பலிக்கும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகளாக எழுதப்படுகிறது, உங்கள் முனையமும் அதே வடிவில்தான் தேடும். பழைய எழுத்துரு சார்ந்த குறியாக்கங்களில் தட்டச்சு செய்த கோப்பு என்றால் அந்த எழுத்துருவில் எந்த ஆங்கில எழுத்து எந்தத் தமிழெழுத்தானது என்று பார்த்து அந்த ஆங்கில எழுத்துகளைத் தேடவேண்டும். இரண்டாவது தடை, லிப்ரே ஆபிஸின் ஓடிடி, வேர்டின் டாக்எக்ஸ் கோப்புகள். இவை சுருக்கப்பட்ட பொதிகள், வட்டில் உங்கள் சொற்கள் அப்படியே இருக்காது. அவற்றுக்கு ஃபோட்டோரெக்தான்.

அழிக்கவில்லை, ஆனால் மேலெழுதிவிட்டேன். அதுவும் இதே போன்றதா?

இதைவிட மோசம். ‘>’ குறியால் ஒரு கட்டளையின் விடையை ஏற்கெனவே இருக்கும் கோப்புக்குத் திருப்பினால் அந்தக் கோப்பு முதலில் காலியாக்கப்பட்டு, பிறகுதான் எழுதப்படுகிறது. ‘எம்வி’, ‘சிபி’ இரண்டும் அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தால் கேட்காமல் அதன்மேல் வைத்துவிடும். ‘டார்’ கட்டளையில் உருவாக்கவேண்டிய பொதியின் பெயரை விட்டுவிட்டு நேரே கோப்புகளின் பட்டியலைக் கொடுத்தால் முதல் கோப்பையே பொதி என்று எண்ணி அதன்மேல் எழுதிவிடும்.

என்னைத் தீண்டியது ‘ஆர்சிங்க்’. நூல் ஒன்றின் பதினான்கு அத்தியாயங்களை வெளி வட்டுக்கு ஒத்திசைக்க நினைத்து, ‘--டெலீட்’ விருப்பத்தோடு மூலத்தையும் இலக்கையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். நான்கு மாதப் பழைய வட்டு, புதிய அடைவைத் தன்னைப்போலவே ஆக்கிவிட்டது. புதிய அத்தியாயங்கள் அழிந்தன, திருத்திய அத்தியாயங்கள் பழைய வடிவுக்குப் போயின. ஒன்று மட்டும் லிப்ரே ஆபிஸில் திறந்திருந்ததால் பிழைத்தது. இன்னும் ஒன்பது, மெய்ப்பு பார்ப்பவருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களின் இணைப்பில் கிடைத்தன. பாக்கியை மறுபடி எழுதினேன். அன்றிலிருந்து ‘ஆர்சிங்க்’ தட்டும்போது முதலில் ‘--ட்ரை-ரன்’ சேர்க்கிறேன். எதையும் செய்யாமல், செய்யப்போவதை மட்டும் பட்டியலிட்டுக் காட்டும்.

மின்னஞ்சல் இணைப்பு, வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பு, அச்சகத்துக்குக் கொடுத்த பென்டிரைவ் எல்லாவற்றையும் யோசித்துப் பாருங்கள். மீட்பு மென்பொருளைத் தேடுவதற்கு முன் இதைச் செய்தால் பல நேரங்களில் அதற்குத் தேவையே இருக்காது.

கோப்பைப் ‘படிக்க மட்டும்’ என்று பூட்டி வைத்திருந்தேன். பிறகும் எப்படி அழிந்தது?

பெயர் கோப்பில் இல்லை, அடைவில் இருக்கிறது. அடைவில் எழுத உங்களுக்கு உரிமை இருந்தால் அதிலிருந்து எந்தப் பெயரையும் நீக்கலாம். கோப்பின் உரிமைகள் அதில் தலையிடாது. ‘ஆர்எம்’ ஒருமுறை கேட்கும், ‘-எஃப்’ கொடுத்தால் அதுவும் இல்லை. உண்மையிலேயே பூட்டவேண்டுமானால் நிர்வாகி உரிமையோடு ‘சிஎச்ஏடிடிஆர் +ஐ’ கொடுங்கள். அதை விலக்கும்வரை நிர்வாகியாலும் அழிக்க முடியாது.

‘கிரான்டேப் -ஆர்’ என்று தட்டிவிட்டேன்.

உங்களைப்போல் பலர். குறித்த நேரங்களில் கிரான் என்ற நிரல் தானாக ஓட்டும் கட்டளைகளின் பட்டியல்தான் கிரான்டேப். திருத்துவதற்கான ‘ஈ’யும் முழுவதையும் நீக்குவதற்கான ‘ஆர்’உம் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நீக்கும்போது ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. இப்படி வடிவமைத்தவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கணினியின் பதிவேட்டைப் பாருங்கள். ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையின் விடையிலோ ‘/வார்/லாக்’ அடைவிலோ, கிரான் எந்த நேரத்தில் எந்தக் கட்டளையை ஓட்டியது என்ற வரிகள் இருக்கும். அவற்றைக் கொண்டு பட்டியலைத் திரும்ப எழுதிவிடலாம். மாதம் ஒருமுறை ஓடும் வேலைகளைத்தான் மறந்துவிடுவீர்கள். பதிவேட்டில் பின்னோக்கிப் போய்த் தேடுங்கள்.

இத்தனை கவனமாக இருந்தும் எப்படித் தவறு நேர்கிறது?

பெரும்பாலும் ஓர் இடைவெளியால். ‘ஆர்எம் -ஆர்எஃப்’ என்று தட்டி ஒரு பாதையின் நடுவே தவறுதலாக இடைவெளி விட்டால் ஒரு பாதை இரண்டாகிவிடும். 2011-இல் பம்பிள்பீ என்ற கட்டற்ற மென்பொருளின் நிறுவல் நிரலில் இதே பிழை இருந்தது. ‘/யுஎஸ்ஆர்’ என்பதற்குப் பின் ஓர் இடைவெளி; நிறுவியவர்களின் ‘/யுஎஸ்ஆர்’ அடைவே போய்விட்டது.

வெற்று மாறி இன்னொன்று. 2015 ஜனவரியில் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீமின் லினக்ஸ் நிரலில் தெரியவந்த பிழை இது. ஓர் அடைவின் பெயரைத் தாங்கவேண்டிய மாறி காலியாக இருந்தால், ‘அந்த அடைவில் உள்ளவற்றை அழி’ என்ற வரி ‘வேரிலிருந்து எல்லாவற்றையும் அழி’ என்று மாறிவிடும். அந்த வரிக்கு மேலே ‘பயமாக இருக்கிறது!’ என்று நிரலாளர் குறிப்பும் எழுதியிருந்தார். பிழையைத் தெரிவித்தவரின் வீட்டு அடைவோடு, காப்பு நகலுக்காக இணைத்து வைத்திருந்த வெளி வட்டும் காலியானது.

மூன்றாவது, ‘ஃபைண்ட்’. இதற்கு வரிசை முக்கியம். ‘-நேம்’ நிபந்தனைக்குப் பின் ‘-டெலீட்’ வரவேண்டும். முன்னால் வைத்தால் நிபந்தனையைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும்.

நான்காவதைக் கேட்டால் சிரிப்பு வரும், மாட்டிக்கொண்டால் வராது. ஏதோ ஒரு நிரல் ‘~’ என்ற பெயரில் ஓர் அடைவை உருவாக்கிவிடும். அதை அழிக்க ‘ஆர்எம் -ஆர்எஃப் ~’ என்று தட்டுவார்கள். நீங்கள் தட்டுவதைப் படித்து இயக்கும் நிரலான ஷெல்லுக்கு அந்தக் குறியின் பொருள் உங்கள் வீட்டு அடைவு. ‘./~’ என்று தட்டியிருக்கவேண்டும்.

‘ஆர்எம் -ஆர்எஃப் /’ என்று தட்டினால் இன்றைய லினக்ஸ் மறுத்துவிடும். ஆனால் சாய்கோட்டுக்குப் பின் ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்தால் மறுக்காது. நட்சத்திரத்தை விரித்துக் கொடுப்பது ஷெல். ‘ஆர்எம்’ காண்பது சாதாரண அடைவுகளின் பட்டியல்.

‘ஆர்எம்’ கட்டளைக்கு ‘ஆர்எம் -ஐ’ என்று மாற்றுப்பெயர் வைத்துக்கொள்வது நல்லதா?

வேண்டாம் என்பேன். ஒவ்வொரு கோப்புக்கும் கேட்டால் இரண்டே நாளில் விரல் தானாக ‘ஒய்’ தட்டப் பழகிவிடும். இந்தப் பாதுகாப்பை நம்பிப் பழகியவர் அது இல்லாத வேறொரு கணினியில் உட்காரும்போதுதான் விபரீதம். பெரிய ‘ஐ’ ஓரளவு பரவாயில்லை: மூன்றுக்கு மேற்பட்ட கோப்புகளை, அல்லது அடைவுகளை உள்ளடக்கத்தோடு அழிக்கும்போது ஒரே ஒருமுறை கேட்கும்.

‘ட்ராஷ்-சிஎல்ஐ’ என்ற பொதியை நிறுவி ‘ட்ராஷ்-புட்’ என்று தட்டப் பழகுவது இதைவிட நல்லது. குப்பைத்தொட்டிக்குப் போகும், ‘ட்ராஷ்-ரிஸ்டோர்’ திரும்பக் கொண்டுவரும். இதற்கு ‘ஆர்எம்’ என்றே மாற்றுப்பெயர் வைக்காதீர்கள்.

கிட் களஞ்சியத்தில் இருந்த கோப்பு என்றால்?

கிட் என்பது கோப்புகளின் அடுத்தடுத்த வடிவங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள். அதில் ஒருமுறையாவது கமிட் செய்திருந்தால், அதாவது ஒரு வடிவத்தைப் பதிந்திருந்தால், கவலை வேண்டாம். கிளையையே அழித்திருந்தாலும் ‘கிட் ரெஃப்லாக்’ காட்டிக்கொடுக்கும். கமிட் செய்யாமல் ‘கிட் ஆட்’ மட்டும் செய்திருந்தாலும் உள்ளடக்கம் களஞ்சியத்துக்குள் போயிருக்கும். ‘கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்’ பெயரில்லாமல் எடுத்துத் தரும். அதுவும் செய்யாத கோப்பை ‘கிட் க்ளீன்’ துடைத்திருந்தால் கிட்டுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது.

டைம்ஷிஃப்ட் வைத்திருக்கிறேன். போதாதா?

பலர் ஏமாறுவது இங்கேதான். லினக்ஸ் மின்டோடு வரும் டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தைத்தான் காக்கிறது. வீட்டு அடைவுகளை இயல்பாகவே விட்டுவிடும். உங்கள் கட்டுரையும் கல்யாணப் படங்களும் அதில் இரா. பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகளின் ஸ்னாப்ஷாட்டுகள் (ஒரு நேரத்தில் இருந்த நிலையின் பதிவுகள்) நல்லவை, யாராவது எடுக்க ஏற்பாடு செய்திருந்தால். ஃபெடோரா பணிமேசைப் பதிப்பு 2020 முதல் பிடிஆர்எஃப்எஸ்ஸைத் தருகிறது, ஆனால் ஸ்னாப்ஷாட்டைத் தானாக எடுப்பதில்லை.

காப்பு நகல் இருக்கிறது என்ற நம்பிக்கையும் அது திறக்கிறதா என்ற சோதனையும் வேறு வேறு. 2017 ஜனவரி 31 இரவு கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்துத் தரும் கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் துணைச் சேவையகம் என்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் அடைவை அழித்தார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்டே மிஞ்சியது. காப்பு வழிகள் ஒன்றுக்கு ஐந்து இருந்தும் எதுவும் சரியாக வேலை செய்யவில்லை. தரவுத்தளத்தின் பதிப்பும் நகலெடுக்கும் கருவியின் பதிப்பும் ஒத்துப்போகாததால் தினசரி நகல்கள் எடுக்கப்படவே இல்லை. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்கள் ஏற்கப்படாமல் திரும்பியிருந்தன. கடைசியில், சோதனைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. மீட்புப் பணியை அவர்கள் யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள்.

வீட்டுக்கு இவ்வளவு வேண்டியதில்லை. வெளி வட்டு ஒன்று, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கப்படுவது. இன்னொரு நகல் வேறு இடத்தில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்.

ஃபோட்டோரெக் பதினெட்டாயிரம் கோப்புகளைத் தந்திருக்கிறது. என்னுடையதை எப்படிக் கண்டுபிடிப்பது?

‘ரெக்அப்_டிர்’ என்று தொடங்கும் எண்ணிட்ட அடைவுகளில் அவை குவிந்திருக்கும். பெயர்கள் ‘எஃப்’ எழுத்தும் ஓர் எண்ணும் மட்டுமே. முதலில் வகை வாரியாகப் பிரியுங்கள். படங்களை அளவு வாரியாக அடுக்கினால், இணையப் பக்கங்களின் சின்னஞ்சிறு பொத்தான் படங்கள் எல்லாம் அடியில் சேர்ந்துவிடும். 100 கிலோபைட்டுக்குக் கீழ் உள்ளவற்றைத் தற்போதைக்கு ஒதுக்குங்கள். கேமராவில் எடுத்த படங்களுக்குள் எடுத்த தேதி பதிந்திருக்கும். ‘எக்சிஃப்டூல்’ அந்தத் தேதியையே கோப்பின் பெயராக்கித் தரும். அதற்குப் பிறகு கல்யாணம் நடந்த நாளைத் தேடினால் போதும். ஓடிடி, டாக்எக்ஸ் கோப்புகளைத் திறந்துதான் பார்க்கவேண்டும். சில திறக்காது, அப்போது அதை ஜிப் பொதியாக விரித்து உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பைப் பாருங்கள். வடிவமைப்பு போயிருந்தாலும் எழுதிய வரிகள் பெரும்பாலும் அதில் கிடைக்கும்.